பழைய ஏப்ரனின் கறை

ஒரு சமையலறைக் கதவின் கொக்கியில் பழைய ஏப்ரன் ஒன்று தொங்கியது. தன் மேலிருந்த ஒவ்வொரு கறையும் எப்படி வந்தது என்று அதற்குத் தெரியும். பொய் சொல்லும் பழக்கம் அதற்குக் கிடையாது.

புதிதாக வந்து பக்கத்தில் தொங்கிய ஏப்ரன், "வயிற்றில் இவ்வளவு பெரிய கறை எப்படி வந்தது?" என்று கேட்டது.

"டீ கொட்டியது. விசேஷம் ஒன்றுமில்லை," என்றது பழையது.

"ஆமாம், தரையில் சிந்தியதை நான்தான் துடைத்தேன்," என்றது அடுப்பருகே கிடந்த கரித்துணி.

அப்போது வீட்டுக்காரி பிலோமினாவும் அவள் கணவர் சந்தியாகுவும் உள்ளே வந்தார்கள். சந்தியாகுவின் கையில் கத்தரிக்கோல் இருந்தது.

"புதுசுதான் வந்தாச்சே. இதை வெட்டினா வண்டி துடைக்க ஆகும்," என்று அவர் பழைய ஏப்ரனைக் கொக்கியிலிருந்து எடுத்தார். 

பிலோமினா அதை வெடுக்கென்று பிடுங்கினாள். கறையை விரலால் தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"என்னங்க, இது நம்ம மக பெர்னா கல்யாணத்தன்னைக்கு நான் பாயசம் கிண்டினப்போ பட்ட கறை. இதையா வெட்டுவீங்க?"

சந்தியாகு கத்தரிக்கோலைக் கீழே இறக்கினார். பிலோமினா ஏப்ரனை மறுபடி கொக்கியில் மாட்டினாள். இருவரும் போய்விட்டார்கள்.

"பாயசமா? அது டீதானே!" என்றது கரித்துணி.

பழைய ஏப்ரன் கரித்துணிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது.

"கல்யாணத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்களா?" என்று புது ஏப்ரன் மரியாதையோடு கேட்டது.

பழைய ஏப்ரன் தன் சுருக்கங்களை நீவிவிட்டுக்கொண்டது.

"பந்தியில் உட்கார இடமில்லை," என்றது.