ஒரு ஃபங்ஷன் மட்டும் பாக்கி

கீழ்த்தளத்தில் சைரன் அலறியது. மாடி மீட்டிங் ரூமில் உட்கார்ந்திருந்த சண்முகவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

எதிரே, சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த நாகம்மை அவருடைய வொர்க் பெர்மிட் நீட்டிப்பு ஃபைலை அப்போதுதான் மூடியிருந்தார்.

"எல்லாத்தையும் பைதானுக்குத் திறந்து விட்டாச்சுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. ஃப்ளோர்ல இருக்கிற பொண்ணுங்களே மெஷினை ஓட்டிக்கிறாங்க. அப்புறம் இந்த சைகோன்ல உங்களுக்கு என்ன வேலை, சண்முகவேல்?" என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான்.

சைகோனின் தூ டுக் பகுதியில் இருந்த அந்தத் தொழிற்சாலையில், செல்போன் கேமராவுக்கான லென்ஸ்களை ரோபோ கைகள் எடுத்து அடுக்கும். அந்தக் கைகளின் மூளையை சி ப்ளஸ் ப்ளஸ் என்ற கடினமான நிரல் மொழியில் எழுதியவர் சண்முகவேல். ஒரு சின்ன மாற்றம் வேண்டுமென்றாலும் அவர் வந்து, திருத்தி, கம்பைல் செய்து கொடுத்தால்தான் உண்டு. அந்த நாளில் அவர் ராஜா.

போன வருடம் உத்தரவு வந்தது. உள்ளே இருக்கும் கிளாஸ் என்கிற நிரல் துண்டு ஒவ்வொன்றையும் பைதான் என்ற எளிய மொழியிலிருந்து கூப்பிடும்படி செய்யுங்கள், பைதான் தெரிந்த யாரும் கையை ஆட்டிவைக்கட்டும் என்றது உத்தரவு. செய்தார். எடு, திருப்பு, வை, எல்லாம் கொடுத்தார். ஒரு கையின் ஆப்ஜெக்டை, அதாவது கம்ப்யூட்டருக்குள் அந்தக் கையாக நிற்கும் நிரலை, அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கும் வசதியைக்கூடத் தாராளமாகக் கொடுத்தார்.

ரீசெட்டை மட்டும் கொடுக்கவில்லை. மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது.

சைரன் அடித்து நின்றுபோன கை, ரீசெட் செய்தால்தான் மறுபடி அசையும். அந்த ஒரு ஃபங்ஷன் அவருடைய லேப்டாப்பில் மட்டும் இருந்தது. ஊரிலிருந்து மனைவி ஞானம்பாள் வெட் கிரைண்டரோடு வந்து இறங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதைத் திரும்பக் கட்டி எடுத்துக்கொண்டு போ என்று அவளிடம் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை.

"என்ன சத்தம் அது?" என்றார் நாகம்மை.

"நான்தான் போகணும் மேடம்" என்று லேப்டாப்பை அணைத்துக்கொண்டு எழுந்தார் சண்முகவேல். "நீங்களும் வந்து பாருங்களேன்."

பாதிப் படி இறங்கியிருப்பார்கள். சைரன் பட்டென்று நின்றது. சண்முகவேலின் காலும் நின்றது.

"தானா சரியாயிடுச்சு போலிருக்கே?"

கீழே யாரோ யாரையோ வியட்நாமிய மொழியில் அதட்டும் குரல் கேட்டது. அடுத்த நொடி சைரன் முன்னைவிடப் பலமாக அலறியது.

"ஒயர் லூஸ் மேடம்" என்று நெற்றியைத் துடைத்தபடி மிச்சப் படிகளைத் தாவி இறங்கினார்.

கீழே வேலை மொத்தமும் நின்றிருந்தது. ரோபோ கை அந்தரத்தில் தொங்கியது. காரைக்கால் பெண் ஜன்னத்துல் பிர்தௌஸ்தான் அந்த லைனுக்குப் பைதான் ஸ்கிரிப்ட் எழுதுகிறவள். அவள் கையைப் பிசைந்துகொண்டு ஓடி வந்தாள். கூடவே ஆபரேட்டர் லான், "அன் வேல்! அன் வேல்!" என்று கூவினாள். அங்கே எல்லோருக்கும் அவர் வேல் அண்ணன்தான்.

"அண்ணே, என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டோம், அசைய மாட்டேங்குதுண்ணே!" என்றாள் பிர்தௌஸ். "நீங்க கை வெச்சாத்தான் ஆகும்!"

சண்முகவேல் லேப்டாப்பைத் திறந்தார். ஒரே ஒரு வரி அடித்தார். சைரன் அடங்கியது, கை அசைந்தது. லான் கைதட்டினாள்.

"ஒரே ஒரு வரி" என்றார் நாகம்மை. "அதையும் இவங்களுக்குத் திறந்து விட்டா என்ன?"

"ஆபத்து மேடம். ஒருத்தி உள்ளே கையை விட்டுத் துடைச்சிட்டிருக்கும்போது இன்னொருத்தி பாட்டுக்கு ரீசெட்டைத் தட்டினா, கை போயிடும்."

மெஷின் மேல் சாய்ந்திருந்த நாகம்மை தன் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"சரி, இன்னும் ரெண்டு வருஷம் இருங்க. வேற யாரை நம்பி விட்டுட்டுப் போறது?"

நின்றபடியே ஃபைலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஏர்போர்ட்டுக்கு கார் ஏறினார்.

கேன்டீனில் சண்முகவேல் காலை நீட்டி உட்கார்ந்தார். பிர்தௌஸ் ஐஸ் மிதக்கும் பால் காபியை அவர் முன்னால் வைத்தாள். லானும் வந்து உட்கார்ந்தாள்.

"பாத்தியா பிர்தௌஸ்? நான் மட்டும் இல்லேன்னா இன்னைக்கு உங்க கதி என்ன?"

"அதை ஏண்ணே கேக்குறீங்க!"

"கவலைப்படாதீங்க. இன்னும் ரெண்டு வருஷத்துக்கு நான் இங்கதான். சைரன் அடிச்சா ஒரு குரல் குடு, போதும்."

பிர்தௌஸ் லானைப் பார்த்தாள். லான் தலையைக் குனிந்துகொண்டு ஸ்ட்ராவால் ஐஸைக் கிளறினாள். பிர்தௌஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"வர்றதைக் கொஞ்சம் சீக்கிரமா வாங்கண்ணே, நீங்க லேட் பண்ணினா இந்த லான் பழக்கதோஷத்துல பழைய ஆப்ஜெக்டை அழிச்சுட்டுப் புதுசு போட்டுச் சரி பண்ணிப்புடுறா, நாங்க உங்களுக்காக மறுபடியும் கெடுக்க வேண்டியிருக்கு!"