சின்னமனூர்ப் பக்கத்து மேற்கோள்கள்

"அந்தம்மாவை உங்களுக்கு எத்தனை வருஷமாத் தெரியும்?"

நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டார் சங்கரலிங்கம்.

"யாரைக் கேக்குறீக சார்?" என்றார் சூரியபிரகாஷ்.

"டாக்டர் ஹேமாவதியை. நீங்க எழுதின எல்லாக் கட்டுரையிலும் வர்றாங்களே, அவங்களை."

"நேர்ல பார்த்ததே இல்லைங்க."

சங்கரலிங்கம் நம்பவில்லை. ஆராய்ச்சி முறைகேடுகளை விசாரிக்கும் குழுவுக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்தார். இதே வார்த்தையைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்தவர்.

மூளை ஆராய்ச்சியில் ஹேமாவதி பெரிய பெயர். குழந்தையின் தலையில் ஒயர்கள் கோத்த தொப்பியை மாட்டி, கம்ப்யூட்டரில் சில படங்களைக் காட்டி, அதன் ஞாபக சக்தியை அளக்கும் பரிசோதனை அவர் கண்டுபிடித்தது. அதைப் பற்றிய கட்டுரையை உலகமெங்கும் ஆயிரக்கணக்கான ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அந்த எண்ணிக்கைக்காகவே அவருக்கு ஒரு விருது கொடுக்க இருந்த நேரத்தில், பெயர் போடாத புகார் ஒன்று வந்தது. சின்னமனூர் பக்கம் மார்க்கையன்கோட்டையில் சூரியபிரகாஷ் என்ற கல்லூரி ஆசிரியர் எதை எழுதினாலும் ஹேமாவதியை மேற்கோள் காட்டுகிறார், இருவரும் கூட்டு, நேரில் போய் விசாரியுங்கள் என்றது அது.

"அவங்க சொந்த ஊர் அனுமந்தன்பட்டி. இங்கிருந்து எவ்வளவு தூரம் இருக்கும்? பார்த்ததே இல்லைன்னா எப்படி?"

டீயோடு வந்த சூரியபிரகாஷின் மனைவி பூமாரி, "அவுக சின்னதுலயே ஊரை விட்டுப் போயிட்டாகளாம் சார்" என்றாள்.

சங்கரலிங்கம் அவளையும் ஏற இறங்கப் பார்த்தார். வீட்டில் எல்லாரும் பேசி வைத்திருக்கிறார்களோ?

"சொந்தக்காரங்களா?"

"இல்லைங்க."

"அப்புறம் எதுக்கு விடாம அவங்க பேரையே எழுதுறீங்க?"

சூரியபிரகாஷ் திருப்பிக் கேட்டார். "என் கட்டுரையைப் படிச்சீகளா சார்?"

"எதுக்குப் படிக்கணும்? கடைசிப் பக்கத்துல மேற்கோள்களைப் பார்த்தாலே தெரியுதே."

"படிச்சிட்டு வாங்க. அப்புறம் எதைக் கேட்டாலும் சொல்றேன்."

அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து நீட்டினார். மழுப்புகிறான் என்று நினைத்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டு சின்னமனூர் லாட்ஜுக்குப் போனார் சங்கரலிங்கம்.

அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டார். முகம் மாறியிருந்தது.

"என்னங்க இது? நீங்க அவங்களைத் தூக்கிவிடவே இல்லையே! அந்தப் பரிசோதனை தப்புன்னுல்ல ஒவ்வொண்ணுலயும் எழுதியிருக்கீங்க?"

"தப்புன்னு எழுதினாலும் கணக்குல ஒண்ணு கூடிருது சார். அவுக பேரு என்னாலயும் வளர்ந்துருக்கு" என்று வருத்தமாகச் சிரித்தார் சூரியபிரகாஷ். "மேகமலை எஸ்டேட் கூலிக்காரக லயன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பரிசோதனையை வச்சாக. எஸ்கலேட்டரு, மெட்ரோ ரயிலுன்னு படம் காட்டுனா அதுக என்னத்தைக் கண்டுச்சுக? மந்தம்னு எழுதிட்டுப் போயிட்டாக. நான் காட்டுமாடு, ஏலக்காச் செடி, தேயிலை மூட்டைன்னு படத்தை மாத்தி வச்சேன். அதே பிள்ளைக ஒண்ணு விடாமச் சொல்லுச்சுக."

"அந்தப் பிள்ளைங்க இப்போ?"

"பாதிப் பேரு படிக்குதுக. விஜின்னு ஒரு பிள்ளை இருந்துச்சு, நல்ல சூட்டிகை. மந்தம்னு வகுப்புல வச்சுச் சொன்னதுல வெக்கப்பட்டுப் படிப்பை விட்டு நின்னுருச்சு. இப்ப அங்கன ஏலக்கா எடுக்கப் போகுது. நானும் ரெண்டு தடவை மலையேறிப் போய்க் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுருச்சு."

சங்கரலிங்கம் காகிதக் கட்டைத் தன் பைக்குள் வைத்தார்.

"போனதும் குழுவுல இதை வைக்கிறேன். முதல்ல அந்தப் பரிசோதனையை நிறுத்தணும்" என்று எழுந்தார். வாசல் வரை போனவர் நின்றார். சந்தேகப்பட்டே பழகியவர் அவர்.

"ஒண்ணுதான் புரியலை. உங்க மேல இப்படி ஒரு பழியைப் போட்டது யாரு? உங்க கட்டுரை ஒவ்வொண்ணும் தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கணும். யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

"சந்தேகமே இல்லைங்க சார்" என்றார் சூரியபிரகாஷ். "தப்பு, தப்புன்னு எட்டு வருஷமா என் பேரைப் போட்டு எழுதினேன், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை. நாங்க ரெண்டு பேரும் களவாணிகன்னு பேரு போடாம ஒரே ஒரு தடவை எழுதினேன், நீங்க வந்துட்டீக."