பின்பக்க ஜன்னல்

ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இரண்டு சிறுமிகளும் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்தார்கள். பின்பக்க ஜன்னலை அடைந்ததும் பெரியவள் இலிங்கா கொக்கியை நீக்கினாள். சின்னவள் ஃப்ளோரிகாவுக்குக் கால் எட்டவில்லை. விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள்.

"மறுபடியும்," என்றாள் அவர்களுடைய அம்மா ஒலிம்பியா.

"முட்டி எரியுதும்மா."

"எரியட்டும். புகை வந்தா நிமிர்ந்து நடக்க முடியாது. போ, முதல்ல இருந்து வா."

வேலிக்கு அந்தப் பக்கம் கோழிகளுக்குச் சோளம் இறைத்துக்கொண்டிருந்த சாஃப்தா சிரித்தாள். "ஏண்டி, பிள்ளைங்களைப் பட்டாளத்துக்கா அனுப்பப் போற?"

"தபால்காரர் வீடு எரிஞ்சதை மறந்துட்டீங்களாக்கா? அடுப்புக் குழாய்ல இருந்து ஒரே ஒரு பொறி. வாசல் பக்கம் கூரை விழுந்து, யாருமே வெளிய வர முடியலை."

அதிலிருந்து அந்தத் தெருவே பயந்து கிடந்தது. வீட்டுக்கு வீடு புகைபோக்கியைத் தட்டிச் சுத்தம் செய்தார்கள். ஒலிம்பியாவும் விறகை அடுப்பைவிட்டுத் தள்ளி அடுக்கினாள். புகை பட்டால் அலறும் கருவியை வாங்கிக் கூரையில் மாட்டினாள். அப்படியும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேச்சுக்கு நடுவே அவள் கண் ரோட்டுக்குப் போய்ப் போய் வந்தது.

ஜன்னலுக்கு வெளியே விறகுக் கொட்டகையின் கூரை. அதில் சறுக்கி இறங்கினால் சாஃப்தாவின் முற்றம்.

"கொட்டகை வழுக்குமேடி. அவ்வளவு பெரிய முன்வாசல் இருக்கறப்ப இது எதுக்கு?"

"முன்வாசல்லயே தீ நின்னா என்னக்கா பண்றது?"

இந்தமுறை ஃப்ளோரிகா எப்படியோ ஏறிவிட்டாள். கூரையில் கால் வைத்த உற்சாகத்தில், "தீ! தீ!" என்று கத்தினாள்.

ஒலிம்பியா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "சத்தம் வரக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"கத்தட்டுமே! கத்தினாத்தானே நாங்க ஓடி வருவோம்?" என்றாள் சாஃப்தா.

"வாயைத் திறந்தா புகை உள்ள போயிடும்க்கா." சொல்லிவிட்டு ஒலிம்பியா குழந்தையை இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"பெத்ராக்கேகிட்ட சொல்லி அங்க ஒரு ஏணி அடிச்சு வையேன். மர மில்லுல வேலை பாக்கற புருஷனை வெச்சுக்கிட்டு இப்படியா அல்லாடுவ? தங்கமான மனுஷன். அவன் அக்கார்டியனை எடுத்து வாசிச்சா தெருவே ஆடுது."

"அவருக்கு வேலை ஜாஸ்திக்கா," என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள் ஒலிம்பியா.

அந்தச் சனிக்கிழமை பொழுது சாயும் நேரம். சாஃப்தா சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தபோது கொட்டகைப் பக்கம் தொம்மென்று ஏதோ விழுந்தது. எட்டிப் பார்த்தாள்.

இலிங்கா இறங்கி நின்றிருந்தாள். பின்னாலேயே ஃப்ளோரிகா, வெறுங்காலோடு, மூக்கில் துண்டோடு. கடைசியாக ஒலிம்பியா சறுக்கி வந்து விழுந்தாள். மூன்று பேரிடமும் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

சாஃப்தா களியை அப்படியே விட்டாள். கிணற்றடியிலிருந்த வாளியை நீரோடு தூக்கிக்கொண்டு தடதடவென்று ஓடினாள்.

வேலியோரம் வந்து நிமிர்ந்தவள் திகைத்து நின்றாள். அந்த வீட்டுப் புகைபோக்கியில் எப்போதும்போல் மெல்லிய புகை. சமையலறை ஜன்னலில் மஞ்சள் விளக்கு. வேறொன்றும் இல்லை.

ஒலிம்பியா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தீ எங்கேடி?" என்று கத்தினாள் சாஃப்தா.

ஃப்ளோரிகா துண்டை விலக்கிவிட்டுக் கிசுகிசுத்தாள்:

"குடிச்சிட்டு வந்திருக்கு, பெரியம்மா."