பண்டான் போட்ட பிரவுனி

வெனிலா பாட்டிலை மூன்றாவது தடவையாகத் திருப்பிப் பார்த்தேன். கடுகளவு எழுத்தில் ஆல்கஹால் என்று போட்டிருந்தது.

மூடி வைத்துவிட்டேன். அது போதாதென்று, பாட்டிலைத் தொட்ட கையையும் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

மூன்று மணிக்கு என் மகள் ஷாந்தினி வருகிறாள். வெனிலா இல்லாவிட்டால் பிரவுனியில் முட்டை வாடை அடிக்கும். கொல்லைப்பக்கம் போய் நாலு பண்டான் இலையைப் பறித்து வந்து, முடிச்சுப் போட்டு, உருகிய வெண்ணெயில் போட்டேன். வாசனை இறங்கியதும் எடுத்தேன். எடுத்த வேலையை அரைகுறையாகச் செய்வானேன் என்று, சீனிக்குப் பதிலாக குலா மெலாக்கா வெல்லத்தைச் சுரண்டிச் சேர்த்தேன்.

ஓவன் புதுசு. பழைய ஓவனில் என் வீட்டுக்காரர் எத்தனை பன்றிக்கறி வாட்டியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. அந்த மனுஷன்தான் ஒரு வார்த்தை பேசாமல் புது ஓவனைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

யானையே வாங்கியாகிவிட்டது, அங்குசத்துக்கு யோசிக்கலாமா? கிண்ணம், கரண்டி, டிரே, கத்தி, கிளாஸ் எல்லாவற்றையும் புதிதாக வாங்கினேன். கோக்கோ, சாக்லேட், மாவு என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுப் பார்த்தேன். கடைக்காரப் பையன் என்னை அதிகாரி என்று நினைத்திருப்பான்.

வீட்டுக்காரர், மகளை நேருக்கு நேர் பார்க்கத் தெம்பில்லாமல், மீன் வாங்கப் போகிறேன் என்று காலையிலேயே செர்காமுக்குக் கிளம்பிவிட்டார்.

ஷாந்தினி எங்களுக்கு ஒரே பிள்ளை. கல்யாணத்துக்காக மதம் மாறினாள். அழுதோம், சண்டை போட்டோம், பிறகு பழகிக்கொண்டோம். சாப்பாட்டுக்குத்தான் பழக முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்தபோது, வைத்த எதையும் தொடாமல், கொண்டு வந்த பாட்டில் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தாள்.

என் கைச் சோறு உனக்கு விஷமாகிவிட்டதா என்று கேட்டுவிட்டேன். நரம்பில்லாத நாக்கு. அதன் பிறகு அவள் வரவில்லை.

இந்த முறை நானேதான் போன் செய்தேன். புவாசா மாதத்தில் கூப்பிட்டால் நோன்பில் இருப்பாள் என்று காத்திருந்து, பெருநாள் போய் இரண்டு வாரம் ஆன பிறகு கூப்பிட்டேன். அவ்வளவு கவனம் எனக்கு.

என் கையால் ஒரு வாய் அவள் சாப்பிட்டுவிட வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

கார் வந்து நின்றதும் என் பேத்தி, நாலு வயது அலிஷாதான் முதலில் இறங்கி ஓடி வந்தாள். பின்னால் ஷாந்தினி. இளைத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. சிரம்பானிலிருந்து தானே ஓட்டி வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

ரோஜா சிரப் கலக்கிக் கொடுத்தேன்.

"வேணாம்மா, பரவால்ல."

கிளாஸை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன்.

"கிளாஸ் புதுசுடி. டிரே, கத்தி, ஓவன் எல்லாமே புதுசுலா. வெனிலாகூடப் போடல, அதுல ஆல்கஹால் இருக்கு. இங்க பாரு, பாக்கெட்டெல்லாம் எடுத்து வச்சிருக்கேன்."

குப்பையில் போடாமல் வைத்திருந்த காலிப் பாக்கெட்டுகளை மேசையில் பரப்பினேன். பெற்ற பிள்ளைக்குச் சாட்சி காட்டுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் நிற்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருப்பி முத்திரையைக் காட்டிக்கொண்டே போனேன்.

அவள் பாக்கெட்டுகளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஒரு துண்டை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். உதட்டுக்குள் ஏதோ சொல்லிவிட்டு வாயில் போட்டாள்.

மென்றாள். விழுங்கினாள். அந்தத் துண்டை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு, வேண்டாம் என்ற சிரப்பையும் எடுத்து ஒரே மூச்சில் குடித்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வீட்டுக்காரர் மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால் கையைப் பிடித்து இழுத்துக் காட்டியிருப்பேன்.

வாயெல்லாம் சாக்லேட்டாக நின்ற அலிஷா தாயின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"உம்மி புவாசா கான்?"

அம்மா நோன்புதானே என்று கேட்கிறாள். நான் சிரித்தேன். புவாசா முடிந்து பெருநாளே போய்விட்டதே என்றேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, ஒரு கையில் ஐந்து விரலையும் மறுகையில் ஒரு விரலையும் நீட்டிக் காட்டினாள்.

ஆறு.

பெருநாளுக்குப் பிறகு விரும்பிப் பிடிக்கிற ஆறு நாள் நோன்பு. பக்கத்து வீட்டு ரோஹானா அக்கா வருடா வருடம் பிடிப்பார். மதியத்தில் பலகாரம் கொண்டுபோனால், இன்னும் ஆறு முடியவில்லை என்று சிரித்துக்கொண்டே வாங்கி மூடி வைப்பார். முப்பது வருடமாக எனக்குத் தெரிந்த விஷயம்.

பாக்கெட் பாக்கெட்டாகப் படித்தவளுக்கு இது ஞாபகம் வரவில்லை.

"அது நேத்து, சாயாங்" என்று ஷாந்தினி மகளின் வாயைத் துடைத்துவிட்டாள். பிறகு, என்னைப் பார்க்காமலேயே தட்டை நீட்டினாள். "இன்னொரு துண்டு குடும்மா."

போதும்டி என்று சொன்னால், எனக்காக அவள் சொன்ன பொய்யை நான் பிடித்துவிட்டேன் என்று ஆகிவிடும். கொடுக்கவும் மனம் வரவில்லை.

கத்தியை எடுத்தேன். பெரிதாக வெட்டுவதா, சின்னதாக வெட்டுவதா என்று தெரியாமல் நின்றேன்.