ஏரிக்கரையில் எட்டுப் பேர்

"இதை உடனே நிறுத்துங்க மெர்வி! யார் உங்களுக்கு அனுமதி கொடுத்தது?"

துடுப்புப் படகைத் துறையில் கட்டக்கூடப் பொறுமையில்லாமல் கத்தினார் யர்க்கோ. அரைக்கால் சட்டை, வைக்கோல் தொப்பி, கொசு கடித்துத் தடித்த கழுத்து. குரல் மட்டும் பழைய முதலாளிக் குரலேதான்.

மெர்வி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சவுனா என்ற நீராவிக் குளியலறையில் முதுகில் தட்டிக்கொள்ள பிர்ச் மரக் கிளைகளைக் கத்தையாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரும் கொடுக்கலை. நாங்களே எடுத்துக்கிட்டோம்."

பின்லாந்தில் ஏரிகளுக்கா பஞ்சம்? ஆனால் மெர்வி வாடகைக்குப் பிடித்த மர வீட்டுக்கு நேர் எதிர்க்கரையில்தான் முதலாளியின் கோடை வீடு இருந்து தொலைத்தது. காலையில் கிராமத்துக் கடையில் ஒஸ்ஸி அவரிடம் வசமாக மாட்டிக்கொண்டான்.

"ஒரு பொய்கூட சொல்ல வராதா உனக்கு?" என்று அவனை முறைத்தாள் மெர்வி.

"கூடையில நாற்பது சாசேஜ் இருந்துச்சு. நான் ஒருத்தனே சாப்பிடப் போறேன்னா நம்புவாரா, தலைவி?"

எட்டு ஊர்களில், எட்டு வீடுகளில் உட்கார்ந்து, கப்பல் கம்பெனிகளுக்குப் பயணச்சீட்டு மென்பொருள் எழுதுகிறவர்கள் அவர்கள். மூன்று வருடம் ஒன்றாக வேலை பார்த்தும் ஒருவரை ஒருவர் திரையில் மார்பு வரைதான் பார்த்திருந்தார்கள். ஒஸ்ஸி ஆறரை அடி உயரம் என்பதே மெர்விக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

எல்லோரும் ஒரு தடவையாவது நேரில் சந்திக்க வேண்டும் என்று மூன்று முறை திட்டம் எழுதி அனுப்பியிருந்தாள். மூன்றாவது முறை யர்க்கோவிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது. 'அவங்கவங்க வீட்டு சவுனாவுல உட்கார்ந்து கேமராவை ஆன் பண்ணிக்குங்க.'

இப்போது யர்க்கோ கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். 'இன்று வேலைப் பேச்சு கிடையாது. குறட்டை விடுகிறவர்களுக்கு மாடி. உருளைக்கிழங்கு கழுவுவது: ஹில்லா, ஒஸ்ஸி.'

"இதுக்குப் பேரு திட்டமா? ஒரு பயிற்சியாளர் இல்ல, ஒரு விளையாட்டு இல்ல!"

"ஹில்லாவும் ஒஸ்ஸியும் மூணு வருஷமா எழுத்துலயே சண்டை போட்டவங்க. அங்க பாருங்க."

வாசல் படியில் இரண்டு பேரும் ஒரே வாளிக்குள் கையை விட்டு, புது உருளைக்கிழங்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஹில்லா ஏதோ சொல்ல, ஒஸ்ஸி தண்ணீர் தெறிக்கச் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் யர்க்கோவை இன்னும் சீண்டியது போலிருக்கிறது. "நாலு வாரமா லேப்டாப்பை நான் தொடலை. ஜூலை பூரா ஒரு மெயில்கூடத் திறக்கலை. லீவுன்னா அப்படி இருக்கணும்! அதோட கடைசி நாளாப் பார்த்து இப்படி வயித்தெரிச்சலைக் கிளப்பறீங்க. நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு எட்டு பேரும் கேமரா முன்னாடி இருக்கணும்!"

"இருக்க மாட்டோம்."

யர்க்கோ அவளை விட்டுவிட்டு மற்ற ஏழு பேர் பக்கம் திரும்பினார். குரலில் திடீரென்று தேன் வழிந்தது.

"இதோ பாருங்க, இப்பவே கிளம்பறவங்க மேல எனக்குக் கோபமே கிடையாது. சம்பளத்தையும் கொஞ்சம் ஏத்தித் தரேன். இவங்க பேச்சைக் கேட்டு நிக்கிறவங்க யோசிச்சுக்குங்க. ஹில்லா, உனக்குக் கைக்குழந்தை வேற இருக்கு..."

மெர்வியின் கை அப்படியே நின்றது. அவள் பயந்தது இந்த ஒரு நிமிடத்துக்குத்தான். திரைக்குள் ஏழு பேரும் தலையாட்டியிருக்கலாம். எதிரில் நின்று ஆசை காட்டும்போது? ஒரே ஒருத்தர் பையைத் தூக்கினால் போதும், எல்லாம் முடிந்தது.

ஹில்லா எழுந்தாள். ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். பைகள் குவிந்திருந்த மூலையை நோக்கி நடந்தாள்.

யர்க்கோ முகத்தில் வெற்றிப் புன்னகை.

ஹில்லா பைகளைத் தாண்டிப் போனாள். சுவரோரம் அடுக்கியிருந்த விறகில் இரண்டு கட்டைகளை உருவி எடுத்து, சவுனாவின் அடுப்பில் போட்டாள்.

"இன்னும் ஒண்ணு போடு!" என்று கத்தினான் ஒஸ்ஸி. "வந்தவருக்கும் சேர்த்து வேர்க்கட்டும்!"

மற்ற எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மெர்வி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

யர்க்கோ தொப்பியைப் பிடுங்கித் தரையில் அடித்தார். "வேலையை விட்டே தூக்கறேன்! எட்டு பேரையும் நாளைக்கே தூக்கறேன்! அப்புறம் எந்தக் கம்பெனி ஆளுங்கன்னு சொல்லிக்கிட்டு இங்க கூடுவீங்க?"

மெர்வி பிர்ச் கத்தையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, முதல் முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எங்க சொந்தக் கம்பெனி ஆளுங்கன்னுதான். நாங்க எட்டு பேரும் ஜூலை ஒண்ணாந்தேதியே ராஜினாமா மெயில் அனுப்பிட்டோம்."