கொம்பனிக் காரண்டி

"மீட்டர் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டார் கனகலிங்கம்.

"நாப்பத்தோராயிரம் மைலுங்க ஐயா," என்றாள் மீனம்மா. "ரெண்டு சுத்து முடிஞ்சி இப்ப மூணாவது சுத்து ஓடுது."

வேறு யாராவது என்றால் அந்த இரண்டு சுற்றையும் சொல்லாமல் விழுங்கியிருப்பார்கள். மீனம்மா விழுங்கவில்லை. மாங்குளம் கூட்டுறவுச் சங்கக் கடையில் இருபது வருடம் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்ற கனகலிங்கத்துக்கு அது போதும். கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் மைல் ஓடிக் களைத்த ஏ-போர்ட்டிக் காரை இரும்பு விலைக்குத்தான் எடுக்கலாம் என்றார்.

காரை வாடகைக்கு ஓட்டிய மீனம்மாவின் புருசன் போன மாசியில் மலேரியாவில் செத்துப்போனான். அவளுக்கு ஓட்டத் தெரியாது. இரும்பு விலைக்கே சம்மதித்தாள்.

கனகலிங்கம் அதோடும் விடவில்லை. நடுக்காட்டில் நின்றுபோனால் யார் பொறுப்பு என்று கேட்டார்.

"கொம்பனி பொறுப்புங்க."

கார் செய்த கொம்பனிக்கு, இங்கிலாந்துக்குக் கடிதம் போடச் சொல்கிறாளோ என்று சிரித்தார். மீனம்மா சிரிக்காமல் தெருவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே தகரக் கொட்டிலில் நடராசா எதையோ அராவிக்கொண்டிருந்தான். யுத்தத்தால் பெற்றோலுக்குத் தடை வந்த பிறகு அந்தக் காரை மண்ணெண்ணெயில் ஓடப் பழக்கியவன் அவன். மீனம்மாவைப் பொறுத்தவரை அவன்தான் கொம்பனி.

அந்தப் பொறுப்பையும் காரண்டி என்று எழுத்தில் வாங்கினார் கனகலிங்கம். அப்பியாசக் கொப்பித் தாளில் அவர் சொல்லச் சொல்ல நடராசா எழுதினான். கார்த்திகை முதலாம் திகதியிலிருந்து ஆறு மாதத்துக்கு, எந்தச் சாமான் பழுதென்று வாங்கியவர் சொன்னாலும், காசில்லாமல் புதிது போட்டுத் தரப்படும். 'சொன்னாலும்' என்ற சொல்லை அவர் இரண்டு தரம் வாசித்துப் பார்த்தார்.

இந்தக் காருக்காகத்தான் கனகலிங்கத்தின் மனைவி சிவலட்சுமி தன் காப்புகளைக் கழற்றிக் கொடுத்திருந்தாள். அப்போது கணவனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். புருசனைப் பறிகொடுத்த பொம்பிளையின் வயிற்றில் அடித்து வாங்க வேண்டாம் என்று.

விலையைக் கேள்விப்பட்ட அன்றோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வந்தது. தேத்தண்ணி வந்தது. கதை மட்டும் வரவில்லை. உப்புக் கூடிவிட்டது என்று வேண்டுமென்றே குறை சொல்லிப் பார்த்தார். மறுநாள் உப்பே இல்லாமல் கறி வந்தது. இரண்டாம் மாதம் அவர் காரோடு கதைக்கத் தொடங்கினார்.

காரில் ஒரு குறையும் இல்லை. மல்லாவிக்கு ஆட்களையும் கோழிகளையும் நெல்மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு பட்டுப்போல ஓடியது. அதுதான் கனகலிங்கத்தை வாட்டியது. காரண்டி வீணாகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் நடராசாவிடம் போய், காபரேற்றர் சரியில்லை என்றார்.

நடராசா பொனற்றைத் திறந்து காது கொடுத்துக் கேட்டான். "தங்கமான சாமான் அண்ணை. இதை மாத்தாதேங்கோ."

"காரண்டி எண்டா காரண்டி. மாத்து."

நடராசா அலுமினியப் பானை ஒன்றை உருக்கிப் புதிது வார்த்துப் பூட்டினான். அது பளபளத்தது. பழையதை என்ன செய்கிறது என்று கேட்டான். அந்தக் குப்பையை நீயே வைத்துக்கொள் என்று தாராளமாகச் சொன்னார் கனகலிங்கம்.

அடுத்த மாதம் டைனமோ. அதற்கடுத்து ரேடியேற்றர். பிறகு கியர்பெட்டி. ஒவ்வொரு தரமும் நடராசா வேண்டாம் என்றான். ஒவ்வொரு தரமும் கனகலிங்கம் தாளை எடுத்து விரித்தார். ஐந்தாம் மாதம் எஞ்சினே பழுது என்றார். எங்கோ கிடந்த இன்னொரு எஞ்சினைக் கொண்டுவந்து, வெள்ளிப் பெயின்ற் அடித்து இறக்கினான் நடராசா. கார் கொஞ்சம் இருமியது. ஆனால் எல்லாம் புதிது. கொம்பனியையே மொட்டையடித்துவிட்டேன் என்று தேத்தண்ணிக் கடையில் சொல்லித் திரிந்தார்.

காரண்டி முடிந்து பத்தாம் நாள் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல். சிவலட்சுமியைப் பின்சீற்றில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஒலுமடு தாண்டியதும் கார் இருமியது, குலுங்கியது, காட்டுக்கு நடுவே நின்றது. கனகலிங்கம் தள்ளிப் பார்த்தார். உதைத்தும் பார்த்தார். சிவலட்சுமி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு இருந்தாள். அவள் ஏசினாலாவது பரவாயில்லை என்றிருந்தது.

அரைமணி நேரத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பட்டுப்போன்ற சத்தம். கார் கண்ணில் படுவதற்கு முன்பே அவருக்கு அது தெரிந்துவிட்டது.

வந்தது ஒரு ஏ-போர்ட்டி. வெளித்தகரம் மூன்று நிறத்தில் ஒட்டுப்போட்டிருந்தது. ஓட்டி வந்தவள் மீனம்மா, இதற்குள் ஓட்டப் பழகியிருந்தாள். பக்கத்தில் நடராசா. பின்னால் பொங்கல் பானைகளோடு நாலு பேர்.

கனகலிங்கம் ஓடிப்போய் பொனற்றைத் தூக்கினார். காபரேற்றர், டைனமோ, ரேடியேற்றர், எஞ்சின், எல்லாம் உள்ளே சுகமாக இருந்தன.

"இது என்ர கார்," என்றார்.

நடராசா இறங்கிவந்து குரலைத் தாழ்த்தினான். "உங்கட கார் அந்தா நிக்குது அண்ணை. இது நீங்கள் வேண்டாமெண்டு தந்தது."

அதற்குள் மீனம்மா சிவலட்சுமியிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா வெலையக் கொறச்சப்ப மனசுக்குள்ள திட்டினேம்மா. அப்புறம்தான் தெரிஞ்சிச்சு. நல்ல சாமானாப் பார்த்து ஒண்ணொண்ணாக் கழட்டிக் குடுத்து, ஒரு முழுக் காரையே குடுத்துட்டாரு. நடராசாண்ணே எல்லாத்தையும் சொன்னாரு. வாங்கம்மா, முன்னால ஏறுங்க."

நடராசா காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சிவலட்சுமி கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள்.

"இதை ஏன் நீங்கள் எனக்குக்கூட ஒரு வார்த்தை சொல்லேல்லை?"

கனகலிங்கம் பொனற்றை மெதுவாக மூடினார்.

"செய்த உதவியைச் சொல்லிக் காட்டுறது எனக்குப் பிடிக்காது," என்றார்.