வெறும் வாங்குகள்

மாலைதீவுப் பாடசாலை ஒன்றின் ஆங்கில ஆசிரியர் வேலைக்கான நேர்முகத்தை, துஷாந்தினி தன் வகுப்பறையில் இருந்தே கைபேசியில் கொடுத்தாள்.

"முன்னால் பிள்ளைகள் இருப்பதாக நினைத்துப் பத்து நிமிடம் பாடம் நடத்துங்கள்" என்றார் திரையில் தெரிந்த அந்தப் பாடசாலை அதிபர்.

துஷாந்தினி, ஆள் உட்காராத வெறும் வாங்குகளுக்குக் காலை வணக்கம் சொன்னாள். முன்வாங்கு ஆரணியிடம் கேள்வி கேட்டு, பதிலுக்குக் காத்திருந்து, தலையாட்டினாள். பின்வாங்கில் கதைத்துக்கொண்டிருந்த கவினை எழுப்பி வாசிக்கச் சொன்னாள். அவன் வாசித்து முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள். இடையில் ஒரு சொல்லைத் திருத்தியும் விட்டாள்.

சற்று நேரத்தில் வேலைவாய்ப்பு முகவர் ஜெயதீபன் அழைத்தார்.

"ரீச்சர், வேலை சரி. வந்த ஆக்களுக்குள்ளை நீங்கள் ஒராள்தான் கூச்சப்படாமல் படிப்பிச்சனீங்களாம். நல்லாப் பழகினனீங்களோ?"

"ஓம். மூண்டு மாசமாய்."

"பள்ளிக்கூடம் விட்டாப் பிறகு நிண்டு பழகினனீங்களாக்கும்."

"இல்லை அண்ணை, பாட நேரத்திலைதான்" என்றாள் துஷாந்தினி. "ஆரணியும் கவினும்தான் கடைசியாய் இருந்த பிள்ளையள். தாய் தகப்பனோடை கனடாவுக்குப் போயிட்டினம். எங்கடை அதிபரும் மாற்றலாகிப் போயிட்டார். பள்ளிக்கூடத்தை மூடுற கடிதம் வருமட்டும் நான் ஒவ்வொரு நாளும் வந்து வரவுப் புத்தகத்திலை கையெழுத்துப் போடவேணும்."



சுவர் மணிக்கூட்டில் பத்து மணி ஆகியிருந்தது. "ஒருக்காப் பொறுங்கோ அண்ணை" என்று கைபேசியை மேசையில் வைத்துவிட்டு, துஷாந்தினி வெளியே போய் அடுத்த பாடத்துக்கு மணி அடித்தாள்.